கராஜ் அண்ணை பதில்கள்: பழைய கார் ஏலம்

‘ஏலத்தில் பழைய கார் வாங்குவது பற்றி அடுத்த முறை கதைப்போம்’ என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. கியர்பெட்டி, பற்றரிக் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை, ஊரில் அப்பா ரக்ஸி ஓடின மொறிஸ் மைனரில்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். அதேபோல ஒன்றை இங்கே ஏலத்தில் எடுக்க ஆசை. எஞ்சின் வேலை எனக்கு ஓரளவு தெரியும். வேறு என்ன பார்க்கவேண்டும்?
– வாசகர், ஹரோ

எஞ்சின் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் மைனரில் கடைசியாகக் கவலைப்படவேண்டிய சாமான் அதுதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நேரம் யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் எதில் ஓடின என்று அப்பாவைக் கேளுங்கள். காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் வருகிறவன் கண்ணைக் கசக்கக் கசக்க ஓடினார்கள். கம்பிரஷன் குறைந்த எஞ்சின் என்பதால் அதையும் தாங்கியது. 1952க்குப் பிறகு வந்த மைனர்களில் இருப்பது ஏ-சீரிஸ் எஞ்சின். மினியிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான். அதனால் உதிரிப்பாகத்துக்கு இன்றைக்கும் தட்டுப்பாடு இல்லை.

இங்கே பிரித்தானியாவில் காரைக் கொல்வது கறள். மாரியில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள், அந்த உப்புத் தண்ணீர் அடித்தகட்டுக்குள் போய் இருந்துகொண்டு வருடக்கணக்காகத் தின்னுகிறது. மைனருக்குத் தனிச் சட்டம் (சசி) கிடையாது, உடம்புதான் சட்டம். ஆகவே கறள் அழகைக் கெடுக்கிற பிரச்சினை மட்டுமில்லை, காரின் முதுகெலும்பையே முறிக்கும்.

அநேகமான ஏலங்களுக்கு முதல் நாளோ அன்று காலையோ பார்வை நேரம் இருக்கும். பழைய உடுப்பு, ஒரு ரோர்ச், துணியில் சுற்றின சின்னக் காந்தம், படுத்துப் பார்க்க ஒரு காட்போட் மட்டை கொண்டுபோங்கள். ஓடிப்பார்க்க விடமாட்டார்கள். கேட்டால் எஞ்சினை ஸ்ராட் பண்ணிக் காட்டுவார்கள், அவ்வளவுதான். அப்படிக் காட்டுமுன் ரேடியேற்றரைத் தொட்டுப்பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிரில் ஸ்ராட் ஆக மறுக்கிற காராக இருக்கலாம்.

போன வருடம் ஒரு பார்வை நாளில் கடும்பச்சை நிறத்தில் ஒரு மைனர் நின்றது. வெளிப்பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி. புதுப் பெயின்ற், மினுங்குகிற குறோம், உள்ளே புதுக் காப்பெற். பசை மணம் கூடப் போகவில்லை. சாரதி இருக்கைக்கு முன்னால் காப்பெற்றின் விளிம்பைத் தூக்கினேன். அதற்குக் கீழே தகரத்துக்கு மேல் தகரம், நாலு மூலையிலும் மட்டும் ஒட்டு. கீழே படுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு. இருக்கைக்குக் கீழே குறுக்காகப் போகும் பெட்டிக் குழாயை விரல் மொளியால் தட்டினேன். தகரச் சத்தம் வரவேண்டிய இடத்தில் ‘தொப்’ என்றது. உள்ளே ஓட்டையை மூட அடைத்த பட்டி (பில்லர்). பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் மண்டியிட்டுத் தட்டிப்பார்த்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு அடுத்த காருக்குப் போனார். அன்றைக்கு அந்தக் கார் நல்ல விலைக்குத்தான் போனது.

ஆகவே பார்க்கவேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழான அடித்தகடு, அதன் உள்பக்கம், நான் சொன்ன குறுக்குக் குழாய், முன் எஞ்சினைத் தாங்கும் இரண்டு கால்கள், பின் வில்லு பூட்டியிருக்கும் இடங்கள், ஜக் வைக்கும் இடங்கள். ஏலத்துக்கென்றே புதிதாக அடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் நான் எப்போதும் மிகக் கெட்டதையே நினைப்பேன். பழைய, மண் ஒட்டின, ஆனால் தட்டினால் ‘டங்’ என்கிற அடிப்பக்கம்தான் எனக்குப் பிடிக்கும்.

முன் சில்லுகளுக்கு உள்பக்கமும் ரோர்ச் அடியுங்கள். மேலும் கீழும் ட்ரனியன் என்று ஒரு புரிபோட்ட மூட்டு இருக்கிறது. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சில்லு உள்ளே மடிந்து கார் முழங்காலில் விழும். கிறீஸ் நிப்பிளில் ஈரமாகக் கிறீஸ் தெரிந்தால் அந்தக் காரை யாரோ கவனித்திருக்கிறார்கள். காய்ந்த புழுதி மட்டும் இருந்தால், அடிக்காத மற்ற இடங்களையும் மனத்தில் கணக்குப் போடுங்கள்.

பெயின்ற் மங்கலா? இருக்கை கிழிந்ததா? அதெல்லாம் விலையைக் குறைக்கும் நண்பர்கள். நல்ல உடம்பும் கேவலமான தோற்றமும் உள்ள மைனரைத் தேடுங்கள். அதைவிட நல்லது, இன்னொருவர் ஆசை ஆசையாகக் காசு கொட்டி, ரசீதுகளை ஒரு தடித்த பைலில் கோத்து வைத்துவிட்டு, பாதி விலைக்கு விற்கிற கார். வெல்டிங் கூலியை அவர் கட்டிவிட்டார், நீங்கள் அனுபவியுங்கள்.

பட்டியலில் மதிப்பு 5,000 முதல் 6,000 பவுண் என்று போட்டிருக்கிறது. கையில் 6,000 வைத்துக்கொண்டு போனால் போதுமா?
– வாசகர், மில்ரன் கீன்ஸ்

போதாது. சுத்தியல் விழும் விலை வேறு, நீங்கள் கட்டும் விலை வேறு. வாங்குபவரிடம் ஏலக்காரர் ஒரு கட்டணம் எடுப்பார், பிறீமியம் என்பார்கள். இடத்துக்கு இடம் மாறும், பெரும்பாலும் 10 முதல் 15 வீதத்துக்குள். அந்தக் கட்டணத்துக்கு மேல் 20 வீதம் வற் வரி. 12 வீதம் என்று வைத்தால், 6,000 பவுணுக்குச் சுத்தியல் விழுந்த காருக்கு 720 பவுண் கட்டணம், அதற்கு 144 பவுண் வற், ஆக 6,864. வேறொரு இணையத்தளம் வழியாக வீட்டில் இருந்து கேட்டால் அந்தத் தளமும் தனியாக ஏதாவது அறவிடலாம். நிபந்தனைகளை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள், எழுத்து சின்னதாகத்தான் இருக்கும்.

பிறகு வாகனத்தை ஏற்றி வரும் கூலி. ஓட்டிக்கொண்டே வரலாம் என்று நினைக்கவேண்டாம், உங்களுக்குத் தெரியாத பிறேக்கை நம்பி மோட்டார்வேயில் ஏறுவதா? சொன்ன நாளுக்குள் எடுக்காவிட்டால் நிறுத்தக்கூலி ஏறும். சுத்தியல் விழுந்த நிமிடத்திலிருந்தே கார் உங்கள் பொறுப்பு என்று பல நிபந்தனைகளில் இருப்பதால் இன்சூரன்ஸை முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

கையில் 6,000 இருந்தால் 4,800க்கு மேல் கை தூக்காதீர்கள். முதல் மாதத்தில் ரயர், பிறேக் குழாய், பற்றரி என்று மிச்சம் போய்விடும். பத்து வருடம் பழகின ரயர் பூ தேயாமல் வடிவாக இருந்தாலும் றப்பர் செத்துப்போயிருக்கும், பக்கச்சுவரில் உற்பத்தி வாரமும் வருடமும் நாலு இலக்கமாக இருக்கும், பாருங்கள்.

யாருமே கை தூக்கவில்லை. ஆனால் ஏலக்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். இது கள்ளம்தானே?
– வாசகர், லெஸ்ரர்

அப்படிச் சொல்லமுடியாது. விற்பவர் ஒரு அடிமட்ட விலை வைத்திருப்பார், ரிசேவ் என்பது அதுதான். ரிசேவ் உண்டு என்று அறிவித்து, விற்பவர் சார்பில் கேட்கும் உரிமையையும் நிபந்தனையில் சொல்லியிருந்தால், அந்த விலை வரும்வரை ஏலக்காரர் சுவரைப் பார்த்தும் விலை ஏற்றலாம். பொருள் விற்பனைச் சட்டம் 1979, 57ஆம் பிரிவு இதையெல்லாம் சொல்கிறது. சுத்தியல் விழும்வரை நீங்கள் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம் என்பதும் அதே பிரிவில்தான்.

கண்ணைவிடக் காதைப் பயன்படுத்துங்கள். ரிசேவைத் தாண்டினதும் ஏலக்காரரின் குரல் மாறும். ‘இனி விற்கத்தான் போகிறேன்’ என்கிற மாதிரி ஏதாவது சொல்லுவார். அதற்குப் பிறகுதான் உண்மையான ஏலம். அதுவரை நான் கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருப்பேன்.

விலை ரிசேவுக்கு எட்டாமல் நின்றால், கடைசியாகக் கேட்டவரின் விலையைத் தற்காலிகமாக எழுதிக்கொண்டு விற்பவருக்குப் போன் பண்ணுவார்கள். நீங்கள் கேட்கவே இல்லை, கார் விற்கவும் இல்லையா? ஏலம் முடிந்தபின் மேசைக்குப் போய் உங்கள் விலையை எழுதிக் கொடுங்கள். காரைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போகிற செலவை நினைத்து மனம் இளகுகிற சொந்தக்காரர்கள் நிறையப் பேர்.

ஏலத்தில் எடுத்த கார் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் கியர்பெட்டி போய்விட்டது. கடையில் வாங்கின சாமான் மாதிரித் திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகி, குறொய்டன்

நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் வாங்கிய பழைய பொருளுக்கு 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் வழமையான பாதுகாப்பு இல்லை. அன்றைக்கு நீங்கள் இணையத்தில் இருந்து கேட்டிருந்தாலும், மண்டபத்துக்குப் போகக்கூடிய வசதி இருந்திருந்தால் இதே கதைதான். ‘பார்த்த நிலையிலேயே விற்கப்படுகிறது’ என்றால் பார்த்த நிலையில்தான். பட்டியலில் எழுதியிருந்தது அப்பட்டமாகப் பொய் என்றால், உதாரணமாக ‘கியர்பெட்டி புதிதாகச் செய்தது’ என்று எழுதி, அது செய்யப்படவே இல்லை என்றால், அது வேறு விடயம். பட்டியலின் அந்தப் பக்கத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு, இலவச ஆலோசனை அமைப்பான சிற்றிசன்ஸ் அட்வைஸில் கதையுங்கள். கியர்பெட்டியை அதற்குள் கழற்றவேண்டாம்.

40 வருடம் கடந்த காருக்கு வீதி வரியும் இல்லை, எம்.ஓ.ரி. என்கிற வருடாந்தத் தகுதிப் பரிசோதனையும் இல்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், வெம்பிளி

உண்மை, ஆனால் வரி விலக்கு தானாக வராது. காரை ‘ஹிஸ்ரோறிக்’ வகுப்புக்கு மாற்றச்சொல்லி விண்ணப்பிக்கவேண்டும். அதன்பிறகும் ஒவ்வொரு வருடமும் வரி எடுக்கவேண்டும், கட்டவேண்டிய காசுதான் பூச்சியம். எம்.ஓ.ரி. விலக்கு 2018 மே மாதத்திலிருந்து இந்த 40 வருடக் கணக்கில் வருகிறது. கடந்த 30 வருடத்துக்குள் காரின் சட்டம், எஞ்சின் வகை போன்றவற்றைப் பெரிதாக மாற்றியிருந்தால் விலக்கு கிடையாது.

ஏலத்துக்குப் போகிறவருக்கு இதில் ஒரு உபயோகம் உண்டு. பதிவு இலக்கத்தைப் போட்டால் 2005க்குப் பிந்திய எம்.ஓ.ரி. வரலாறு அரச இணையத்தளத்தில் இலவசமாக வரும். எந்த வருடம் எங்கே கறள் என்று பரிசோதகர் எழுதினார், மைல் கணக்கு ஏறினதா இறங்கினதா, எல்லாம் அதில் இருக்கும். பல கார்களுக்கு 2018உடன் வரலாறு நின்றுவிடும். விலக்கு இருந்தும் வருடாவருடம் காசு கட்டிப் பரிசோதித்தவர் ஒருவரின் கார் வந்தால், அதற்கு நான் இருநூறு முந்நூறு பவுண் கூடக் கொடுப்பேன்.

வி-5-சி என்கிற பதிவுப் பத்திரத்தையும் பாருங்கள். அது காரை வைத்திருப்பவராகப் பதிந்திருப்பவர் யார் என்றுதான் சொல்லும், சொந்தக்காரர் யார் என்பதற்குச் சாட்சி ஆகாது. அதில் உள்ள சட்ட இலக்கமும் எஞ்சின் அறைக்குள் தகட்டில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். இலக்கம் வேறு என்றால் அந்தக் கார் எவ்வளவு வடிவாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். மொறிஸ், ஒஸ்ரின், எம்.ஜி. கார்களுக்கு கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. காசு கட்டினால் உங்கள் கார் எந்த நாள், எந்த நிறத்தில் வெளியே வந்தது என்று சான்றிதழ் தருவார்கள்.

மைனரிலேயே கூரை மடிக்கிறது வாங்கவா, பின்னால் மரச்சட்டம் போட்ட ட்ரவலர் வாங்கவா? இரண்டும் ஒரே ஏலத்தில் வருகின்றன.
– வாசகர், றெடிங்

இரண்டிலும் ஏமாற இடம் உண்டு. கூரை மடிக்கிற கார் விலை கூட என்பதால் இரண்டு கதவுச் சாதாரணக் காரின் கூரையை வெட்டி மாற்றினவைகள் ஏராளம். 1958க்குப் பிறகு வந்தவைகளில் தொழிற்சாலையில் செய்ததன் சட்ட இலக்கம் எம்.ஏ.ரி. என்று தொடங்கும், இரண்டு கதவுச் சாதாரணக் கார் என்றால் எம்.ஏ.2எஸ். வெட்டி மாற்றினது என்றாலும் அடியில் ஒழுங்காகப் பலப்படுத்தியிருந்தால் பாவிக்கலாம். அதற்கேற்ற விலை கொடுத்தால் சரி. சோதிக்க ஒரு வழி: கதவை மூடி மேல் விளிம்பு இடைவெளியைப் பாருங்கள், பிறகு இரண்டு பேரை உள்ளே இருக்கவிட்டு மறுபடி பாருங்கள். இடைவெளி ஒடுங்கினால் கார் நடுவில் தொய்கிறது.

ட்ரவலரில் அந்த ஆஷ் மரம் அலங்காரம் இல்லை, பின் உடம்பைத் தாங்குவதே அதுதான். மூட்டுகளில், முக்கியமாகத் தண்ணீர் தங்கும் கீழ்ச்சட்டத்தில், பெருவிரலால் அழுத்துங்கள். அமிழ்ந்தால் உக்கிவிட்டது. கறுத்த கறையும் கெட்ட சகுனம். மரம் முழுவதும் மாற்றுவதென்றால் ஆயிரக்கணக்கில் போகும். உங்களிடம் மூடின கராஜ் இல்லையென்றால் ட்ரவலரை மறந்துவிடுங்கள், றெடிங் மழையில் அது பாவம்.

வங்கியில் போடுவதைவிடப் பழைய காரில் போடலாம் என்கிறான் மகன். இலாபத்துக்கு வரியும் இல்லையாமே?
– வாசகர், இல்போர்ட்

வரி விடயத்தில் மகன் சொல்வது சரி. தனிப்பட்ட ஒருவர் சாதாரண பயணிகள் காரை விற்று வரும் இலாபத்துக்கு இங்கே மூலதன இலாப வரி கிடையாது. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் அது வியாபாரம், வருமான வரி வரும்.

2022 மே 5ஆம் திகதி ஸ்ருட்கார்ட்டில் மேர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு ஏலம் நடந்தது. 1955ஆம் ஆண்டு 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூப்பே, உலகத்தில் இரண்டே இரண்டு செய்தது, 135 மில்லியன் யூரோவுக்குப் போனது. மகன் அந்தச் செய்தியைப் பார்த்திருப்பான். மைனர் செய்தது பதினாறு இலட்சத்துக்கும் மேல். 1961இல் பத்து இலட்சம் தொட்டதைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் சுமார் 350 கார் விட்டார்கள், வழமையான 1000 என்ற பட்ஜுக்குப் பதில் 1,000,000 என்று போட்டு. அப்படி ஒன்று அகப்பட்டால் விலை நிற்கும். சாதாரண மைனரின் ஏற்றம் இன்சூரன்ஸுக்கும் கராஜ் வாடகைக்கும் கூடக் காணாது. அதோடு, அறுபதுகளின் கார்களைச் சின்ன வயதில் பார்த்து ஏங்கினவர்கள் இப்போது வாங்குவதைவிட விற்கிற வயதில் இருக்கிறார்கள். மகனுக்குக் காரில் ஆசை என்றால் வாங்கிக் கொடுங்கள். காசில்தான் ஆசை என்றால் வங்கியிலேயே இருக்கட்டும்.

சார், லண்டன் ஏலத்தில் ட்ரையம்ப் ஹெரால்டு வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா? சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு டாக்டர் வைத்திருந்தார்.
– வாசகர், சென்னை, தாம்பரம்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் செய்த காரை இங்கிருந்து ஏற்றப்போகிறீர்களா? 1961 முதல் வண்டலூரில் ஸ்ராண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் ‘ஸ்ராண்டர்ட் ஹெரல்ட்’ என்று செய்தது இதே காரைத்தான். டாக்டரின் கார் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தியா 1950க்கு முந்திய கார்களை மட்டும் இறக்க விட்டிருந்த விதியை 2025இல் தளர்த்தி, 50 வருடம் கடந்தவைகளை அனுமதித்தது. ஆகவே வழி உண்டு. ஆனால் சுங்கத் தீர்வையும் கப்பல் கூலியும் சேர்ந்தால் காரின் விலை சில்லறையாகத் தெரியும். 2021இல் வந்த பதிவு விதிப்படி புதிதாகப் பதிகிற பழங்காருக்கு 20,000 ரூபாய் கட்டணம், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு இலக்கம். கண்காட்சி, ஊர்வலம், திருத்த வேலை, எண்ணெய் அடிப்பது போன்றவற்றுக்குத்தான் வீதியில் இறக்கலாம், தினமும் ஓடமுடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கேயே ஒரு ஸ்ராண்டர்ட் ஹெரல்ட் தேடி, பாகங்களை மட்டும் இங்கிருந்து எடுப்பேன். ஹெரல்டுக்கு மைனர் மாதிரி இல்லாமல் தனிச் சட்டம் உண்டு. ட்ரையம்ப்காரர்களுக்கு உடம்பு செய்து கொடுத்த கம்பனியைப் போட்டிக் கம்பனி வாங்கிவிட்டதால், உடம்பைத் துண்டுதுண்டாகச் செய்து சட்டத்தில் பூட்டுகிற மாதிரி வடிவமைத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த தலையிடி இன்றைக்கு நமக்கு வாய்ப்பு: ஒரு துண்டு உக்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பொனற் முழுவதும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், முன் சில்லில் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை செய்யலாம். இடுப்பு நோகாமல் நான் வேலை செய்த ஒரே பழைய கார் அதுதான்.

மகளுக்கு 19 வயது. அடுத்த மாத ஏலத்தில் வரும் 1991ஆம் ஆண்டு மினிதான் வேண்டும் என்று நிற்கிறா. பல்கலைக்கழகத்துக்கு ஓடுவதற்கு. என்ன சொல்லுகிறீர்கள்?
– வாசகி, ஈஸ்ற்ஹாம்

கார் நல்ல கார், தேவை பிழை. 2023 ஓகஸ்ட் முதல் லண்டன் முழுவதும் யூலெஸ், அதாவது புகை கூடிய வாகனங்களுக்கு நாட்கட்டணம் அறவிடும் வலயம். 40 வருடம் கடந்து ஹிஸ்ரோறிக் வகுப்பில் உள்ள காருக்கு விலக்கு. 1991 மினிக்கு அந்த வயது வரவில்லை, புகைத் தரத்துக்கும் அது எட்டாது. ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 62.50. மினிதான் வேண்டும் என்றால் 40 வருடம் தாண்டினது ஒன்றைத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். பழைய கார்களுக்கான மலிவான பொலிசி பல கம்பனிகளில் 21, 25 வயதுக்கு மேல்தான். அன்றாடப் பாவனைக்கு வேறொரு கார் இருக்கவேண்டும், வருடத்துக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்றும் கேட்பார்கள். இந்தக் கணக்கில் மகள் எங்கேயும் பொருந்தமாட்டா. ஏலப் பட்டியலில் பதிவு இலக்கம் இருக்கும். அதைக் கொடுத்து, கை தூக்குமுன் விலை கேளுங்கள். போனை மகளையே எடுக்கச் சொல்லுங்கள். தொகையை அவவின் காதாலேயே கேட்கட்டும், மிச்சத்தை அவ முடிவெடுப்பா.